காகத்திடம் என்ன கேட்பது, நாயிடம் என்ன கேட்பது: காட்டேரி ஆட்டத்தில் விலங்கோடு கதைக்கப் பழகுபவர்களுக்கு

காட்டேரிகளாகப் பாத்திரமேற்று ஆடும் எங்கள் மேசைக்குப் புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் ஒரே பிழையைத்தான் விடுகிறார்கள். விலங்குகளோடு கதைக்கும் ஆற்றல் உள்ள ஒரு காட்டேரியை ஆசையாசையாக உருவாக்கிக்கொண்டு வருவார்கள். முதல் காட்சியில் ஒழுங்கை முடக்கில் ஒரு கட்டாக்காலி நாய் படுத்திருக்கும். உடனே கேட்பார்கள்: "நேற்று இரவு பத்தரைக்கு இதால போன சிவப்பு மோட்டார்சைக்கிளின்ர நம்பர் என்ன?" ஆட்டத்தை நடத்தும் கதைசொல்லியும் புதியவர் என்றால் நம்பரைச் சொல்லிவிடுவார். அத்தோடு அந்த ஆற்றல் தெருவில் பூட்டிய கமரா ஆகிவிடும்.

நாய்க்குப் பத்தரை தெரியாது. எண் வாசிக்கத் தெரியாது. சிவப்பும் தெரியாது, நாயின் கண் நீலத்தையும் மஞ்சளையும் பிரித்தறியும், சிவப்பு அதற்கு மங்கிய மண்ணிறம் போலத்தான். ஆனால் அந்த வண்டியில் இரண்டு பேர் இருந்ததும், ஒருவரில் மீன் மணத்ததும், மற்றவர் பயந்துபோய் வியர்த்திருந்ததும், வண்டி எந்தப் படலையடியில் நின்று புறப்பட்டது என்பதும் அதற்குத் தெரியும். முன்பு கல்லெறிந்த ஆள் அவர்தான் என்றுகூடத் தெரிந்திருக்கலாம். இதை வைத்துக்கொண்டு ஒரு இரவு முழுக்க ஆடலாம். நம்பரை வைத்துக்கொண்டு ஐந்து நிமிடம்தான் ஆடலாம்.

இந்த வழிகாட்டி அதைப் பற்றியது. விதிகளையும் சொல்கிறேன், ஆனால் விதிகள் லேசானவை. விலங்கை விலங்காகவே கதைக்க வைப்பதற்குத்தான் பழக்கம் வேண்டும்.

முதலில்: எந்தப் பதிப்பு?

பாத்திரமேற்று ஆடும் ஆட்டம் உங்களுக்கு முற்றிலும் புதிது என்றால் சுருக்கம் இது. நாலைந்து பேர் மேசையைச் சுற்றி இருப்போம். ஒருவர் கதைசொல்லி. மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம். பாத்திரம் என்ன செய்கிறது என்று ஆடுபவர் சொல்வார், அதனால் என்ன நடந்தது என்று கதைசொல்லி சொல்வார், முடிவு நிச்சயமில்லாத இடத்தில் பகடை உருட்டுவோம்.

காட்டேரிகளாகவே ஆடும் ஆட்டங்களில் பெயர்பெற்றது 'வம்பயர்: த மாஸ்கரேட்'. மார்க் ரெய்ன்-ஹேகன் வடிவமைத்து, வைட் வுல்ஃப் நிறுவனம் 1991இல் வெளியிட்டது. இன்று மேசைகளில் அதிகம் காணக்கிடைப்பவை இரண்டு: 2011இல் வந்த இருபதாம் ஆண்டுப் பதிப்பும், 2018இல் வந்த ஐந்தாம் பதிப்பும். விலங்குகளோடு உறவாடும் ஆற்றலுக்கு இரண்டிலும் பெயர் 'அனிமலிசம்'. ஆனால் உள்ளே வேலை செய்கிற விதம் வேறு. ஆகவே உங்கள் மேசை எந்தப் பதிப்பு ஆடுகிறது என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். ஒருவர் பழைய பதிப்பை வாசித்துவிட்டும் இன்னொருவர் புதியதை வாசித்துவிட்டும் வந்து அரை மணித்தியாலம் தர்க்கப்பட்ட நாள் எங்களுக்கு உண்டு.

பழைய பதிப்பில் ஐந்து படிகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும். ஒரு புள்ளி இருந்தால் விலங்கோடு கதைக்கலாம். இரண்டில் கூப்பிடலாம். மூன்றில் மனிதருக்குள் இருக்கும் மிருகத்தை அடக்கலாம். நாலில் விலங்கின் உடலுக்குள் புகலாம். ஐந்தில் தன் வெறியைப் பிறர்மேல் இறக்கலாம். ஐந்தாம் பதிப்பில் ஒவ்வொரு படியிலும் எதை எடுப்பது என்று நீங்கள் தெரிவுசெய்வீர்கள். இதில் கவனம் தேவை: ஐந்தாம் பதிப்பில் கதைக்கும் ஆற்றல் இரண்டாம் படியில்தான் வருகிறது. 'ஃபெரல் விஸ்பர்ஸ்' என்பது அதன் பெயர். மூலப் புத்தகத்தில் முதல் படியில் இருப்பவை ஒரு விலங்கை இரத்தத்தால் பிணைத்துத் துணையாக்குவதும், பக்கத்தில் இருப்பவரின் உள்ளே மிருகம் எவ்வளவு முறுகியிருக்கிறது என்று உணர்வதும்தான். ஒரே ஒரு புள்ளியை வைத்துக்கொண்டு எலியோடு கதைக்கப் போய் ஏமாந்து நிற்காதீர்கள்.

குலம் தெரிவுசெய்தல்

காட்டேரிகள் குலம் குலமாகப் பிரிந்திருப்பார்கள். அனிமலிசம் இயல்பாகவே வரும் குலங்கள் காங்ரல், நொஸ்ஃபெராட்டு, சிமீசி, ராவ்னோஸ் ஆகியவை. முதல் ஆட்டத்துக்கு நான் எல்லாருக்கும் சொல்வது நொஸ்ஃபெராட்டுவைத்தான். அவர்களின் முகம் கோரமானது, மனிதர் நடுவே வெளிப்படையாக நடமாட முடியாது. அதனால் எலியும் பூனையும் வௌவாலும் அவர்களுக்குக் கண்ணும் காதும் ஆகிவிடும். ஆற்றலைப் பயன்படுத்த ஒவ்வொரு காட்சியிலும் காரணம் தானாகவே கிடைக்கும்.

புத்தகங்களில் அவர்கள் பெருநகரங்களின் நிலத்தடிச் சாக்கடைகளில் வாழ்வார்கள். எங்கள் ஊரில் ஆள் நடக்கிற அளவுக்கு அப்படி ஒன்றும் இல்லை. கைவிடப்பட்ட வளவுகளில் வையுங்கள். உரிமையாளர்கள் வெளிநாட்டில், படலையில் துருப்பிடித்த பூட்டு, வேலி முழுக்கக் கொடி, பின்னால் தூர்ந்த கிணறு. யாழ்ப்பாணத்தில் அப்படி ஒரு வளவைக் காண அதிக தூரம் போகத் தேவையில்லை, அதற்குள் என்னென்ன உயிர்கள் குடியிருக்கும் என்பதும் எல்லாருக்கும் தெரியும்.

அலைந்து திரியும் பாத்திரம்தான் வேண்டும் என்றால் காங்ரல் நல்லது. கடல்நீரேரி ஓரமும் தீவுகளும் அவர்களுக்குப் பொருந்தும். நெடுந்தீவில் போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்தில் கொண்டுவரப்பட்ட குதிரைகளின் வழிவந்தவை இன்றும் காட்டுக்குதிரைகளாகத் திரிகின்றன. இரவில் அந்த வெட்டையில் ஒரு குதிரைக் கூட்டத்தோடு கதைக்கும் காட்சியை ஒரு முறையாவது ஆடிப் பாருங்கள்.

பாத்திரத் தாளில் புள்ளிகளை இடும்போது ஒரே ஒரு விசயம். பழைய பதிப்பில் விலங்குக்குக் கட்டளை கொடுக்க, பிறரை வசப்படுத்தும் திறனையும் விலங்கறிவையும் கூட்டிப் பகடை எடுப்பீர்கள். ஐந்தாம் பதிப்பில் வசப்படுத்தும் திறனோடு அனிமலிசப் புள்ளிகளையே கூட்டுவீர்கள்; கூப்பிடுவதற்குக் கவர்ச்சியோடு அனிமலிசம். இந்தத் தகைமைகளில் ஒன்றிலாவது மூன்று புள்ளி வையுங்கள்.

கொப்பி ஒன்று எடுங்கள்

இதுதான் முக்கியமான படி. ஆட்டத்துக்கு முன் ஒரு பழைய கொப்பியில் உங்கள் ஊர் விலங்குகளை எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் மூன்று கேள்வி: எந்த நேரம் விழித்திருக்கும்? எதால் உலகத்தை அறிகிறது, மூக்காலா, காதாலா, கண்ணாலா? அதற்கு எது பெரிய விசயம்?

முதல் கேள்வியிலேயே பலர் தடுக்கி விழுவார்கள். காட்டேரி இரவில்தான் எழும்பும். காகம் அந்நேரம் தூங்கிக்கொண்டிருக்கும். ஆகவே காகத்தைச் சாட்சியாக வைக்க விரும்பினால் மைம்மல் பொழுதில் பிடிக்கவேண்டும், அல்லது அது அடைகிற மரத்துக்குப் போய் எழுப்பவேண்டும். நித்திரையில் எழுப்பிய காகம் என்ன மனநிலையில் இருக்கும்? ஒன்று கத்தினால் மரமே கத்தும். அதைக் கேட்டு அயலில் லைட் போடுவார்கள். ஆட்டம் இப்படித்தான் பிறக்கிறது.

காகத்திடம் கேட்கவேண்டியது முகத்தையும் சோற்றையும்தான். தமக்குத் தீங்கு செய்தவரின் முகத்தைக் காகங்கள் ஆண்டுக்கணக்கில் மறப்பதில்லை என்று அமெரிக்கக் காகங்களை வைத்துச் செய்த சோதனைகளில் தெரியவந்திருக்கிறது. சோற்றைப் பற்றி எங்களுக்குச் சோதனை தேவையில்லை. புரட்டாதிச் சனியில் எந்த வீட்டில் முதலில் இலை போடுவார்கள், எந்தக் குசினி யன்னலடியில் நின்றால் கிடைக்கும் என்று ஒவ்வொரு காகத்துக்கும் அத்துபடி. எங்கள் ஆட்டம் ஒன்றில் காணாமற்போன ஒரு கிழவியைத் தேடிக்கொண்டிருந்தோம். எவருக்கும் எதுவும் தெரியவில்லை. கடைசியில் ஒரு காகம் சொன்னது: "அந்த மதிலில் இப்ப சோறு இல்லை. வேற கை தண்ணி ஊத்துது." அவ்வளவுதான். வீட்டில் இருப்பது வேறு யாரோ என்பது எங்களுக்கு அப்போதுதான் விளங்கியது.

இரவுச் சாட்சிகள் வேறு. வௌவாலில் இரண்டு வகையைப் பிரித்து எழுதுங்கள். ஆலமரத்தில் தலைகீழாகத் தொங்குகிற பெரிய பழவௌவால், கண்ணாலும் மூக்காலும் வழி அறிகிறது. அதற்கு எந்த வளவில் எந்தப் பழம் கனிந்தது என்பதுதான் உலகப்படம். கூரை இடுக்கில் இருந்து வருகிற சின்ன வௌவால் எதிரொலியால் அறிகிறது. அதனிடம் ஆளின் உருவத்தைக் கேட்கலாம், நிறத்தைக் கேட்டுப் பயனில்லை. நேற்றுவரை இல்லாத ஒரு கம்பி இன்று குறுக்கே கட்டப்பட்டிருந்தால் அது முதலில் சொல்லும்.

மரநாய்க்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். ஓட்டுக் கூரைக்குமேல் இரவில் யாரோ நடப்பதுபோலக் கேட்குமே, அதுதான். பழம் தின்னும், பனையில் கட்டிய முட்டியில் கள்ளும் குடிக்கும். அதை விலைக்கு வாங்க என்ன கொடுக்கவேண்டும் என்பது அதிலேயே இருக்கிறது. வீட்டின் மேலிருந்து உள்ளே நடப்பதெல்லாம் கேட்கும் விலங்கு என்பதால் உளவுக்கு இதைவிடச் சிறந்தது இல்லை என்பது என் எண்ணம்.

எலிக்குப் பார்வை மட்டம். மணமும் மீசையும்தான் அதற்கு எல்லாம். சுவருக்குள் இருக்கும் வழிகளை எலியிடம் கேளுங்கள், ஆட்களை அடையாளம் கேட்காதீர்கள். றோட்டில் படுத்திருக்கும் கட்டாக்காலி மாடு மெதுவாகத்தான் பதில் சொல்லும். அது அசைபோடுவதை நிறுத்திய நேரம் எது என்று கேட்டால், அந்த இடத்தில் ஏதோ நடந்த நேரம் தெரியும். சுண்டிக்குளத்துக்கு வருகிற பூநாரையிடம் ஊர்ச்சங்கதி கேட்கமுடியாது, அது வந்து போகும் பறவை. தண்ணீர் எங்கே ஆழம் என்று கேட்கலாம்.

பல்லியை எப்படி ஆடுவது என்று எல்லாப் புதியவர்களும் கேட்பார்கள், கேட்கத்தான் வேண்டும். நாங்கள் பல்லி 'சொல்லும்' என்று நம்பி வளர்ந்தவர்கள். ஒரு பேச்சுக்கு நடுவே பல்லி சொன்னால் மேசையில் விரலால் தட்டுவோம். பல்லி சொல்லும் பலனைப் பஞ்சாங்கத்தில் பார்ப்போம். ஆனால் ஆட்ட விதியில் உயிர் எளியதாக ஆக ஆகக் கதைப்பது கடினம். பூச்சிக்கும் பெரும்பாலான மீன்களுக்கும் இந்த ஆற்றல் எட்டாது, ஊர்வனவற்றில் பெரியவைதான் வசதி. நான் என் மேசையில் வைத்திருக்கும் ஏற்பாடு இது: பல்லி கதைக்கும், ஆனால் ஒரு சொல்தான். "ஓம்" அல்லது சத்தமில்லை. அந்த ஒரு சொல்லுக்காகக் காத்திருக்கும்போது மேசையில் எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பார்கள். உங்கள் மேசையிலும் வைத்துப் பாருங்கள்.

கேள்வி கேட்கும் முறை

கேள்வியை வாயில் எடுக்குமுன் அதை விலங்கின் பக்கம் திருப்புங்கள். 'எப்போது' என்று கேட்க நினைத்தால், 'மழைக்கு முன்னமா பின்னமா', 'கோயில் மணிக்குப் பிறகா' என்று கேளுங்கள். 'யார்' என்பதை, 'என்ன மணம்', 'உனக்கு அவனில் பயமா' என்று மாற்றுங்கள். 'எத்தனை பேர்' என்பதை, 'நீ ஓடினாயா, நின்றாயா' என்று. ஓடினால் நிறையப் பேர்.

குரலும் விலங்குக்கு விலங்கு மாறவேண்டும். நாயோடு கட்டளையாகக் கதைக்கலாம். பூனையிடம் அது எடுபடாது, அதற்கு ஏதும் கிடைக்கவேண்டும். எலியைப் பயமுறுத்துவதைவிட ஆசைகாட்டுவது நல்லது, பயந்தால் ஓடிவிடும். பழைய பதிப்பில் கண்ணோடு கண் பார்த்தாகவேண்டும் என்ற விதியும் உண்டு. நடுவில் பார்வை விலகினால் மறுபடி பிடிக்கவேண்டும். இதனால் ஆடுபவர் தன் உடலையும் சொல்லவேண்டி வருகிறது: "நான் முழங்காலில் இருந்து அதின்ர கண்ணுக்கு நேரே குனியிறன்." அந்த ஒரு வசனத்தில் காட்சி உயிர்பெறும்.

பகடை

பத்துப் பக்கப் பகடை வேண்டும், பத்து இருந்தால் போதும். இங்கே கடைகளில் நான் கண்டதில்லை. வெளிநாட்டில் இருந்து வருகிற சொந்தக்காரரிடம் சொல்லிவைக்கலாம், அல்லது கைப்பேசியில் செயலி இறக்கலாம். நாங்கள் முதல் ஆறு மாதமும் பிஸ்கட் டின்னுக்குள் ஒன்று முதல் பத்துவரை எழுதிய துண்டுகளைப் போட்டுத்தான் ஆடினோம். அப்படிச் செய்தால் ஒவ்வொரு துண்டையும் எடுத்துப் பார்த்ததும் திரும்பப் போட்டுக் குலுக்கவேண்டும். போடாமல் அடுத்ததை எடுத்தால் கணக்குப் பிழைக்கும்.

பழைய பதிப்பில் வெறுமனே கதைக்கப் பகடை தேவையில்லை. ஒன்றைச் செய்யச் சொல்லும்போதுதான் தேவை. வேட்டையாடும் பாலூட்டிகளுக்கு இலக்கு எண் 6, மற்றப் பாலூட்டிகளுக்கும் வேட்டைப் பறவைகளுக்கும் 7, ஏனைய பறவைகளுக்கும் ஊர்வனவற்றுக்கும் 8. விலங்கின் சத்தத்திலேயே கதைத்தால் ஒன்று குறையும். எத்தனை பகடை அந்த எண்ணை எட்டுகிறதோ அத்தனை வெற்றி. ஒரு வெற்றி இருந்தாலே ஒரு பூனையை ஒருவர் பின்னால் அனுப்பித் திரும்பி வந்து இடம் காட்ட வைக்கலாம்.

ஐந்தாம் பதிப்பை ஒரு காட்சியோடு காட்டுகிறேன். கொக்குவிலில் ஒரு பழைய நாற்சார் வீடு. யாரோ நள்ளிரவில் ஒரு பெட்டியைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார். எங்கள் நொஸ்ஃபெராட்டு முற்றத்தில் நின்று, ஓட்டின்மேல் இருக்கும் மரநாயிடம் கேட்கப்போகிறது. ஆடுபவர் ஒரு தம்பி, அவருக்கு அது மூன்றாம் ஆட்டம்.

முதலில் இரத்தத்தை எழுப்பவேண்டும், ஆற்றலுக்கு விலை அதுதான். ஃபெரல் விஸ்பர்ஸுக்கு ஒரு வகை விலங்குக்கு ஒரு தடவை, அந்தக் காட்சி முழுவதும் நிற்கும். ஒரு பகடை உருட்டுகிறார். 6 அல்லது மேலே வந்தால் செலவில்லை. 4 வந்தது. அவரது பசி 2இல் இருந்து 3 ஆகிறது. பசி 5ஐத் தொட்டுவிட்டால் விரும்பி இரத்தத்தை எழுப்பவே முடியாது என்பதை இப்போதே மனதில் வையுங்கள். வெறும் வயிற்றோடு விலங்கோடு கதைக்கப் போகாதீர்கள்.

அடுத்தது உண்மையான உருட்டு. வசப்படுத்தும் திறன் 3, அனிமலிசம் 2, ஆக ஐந்து பகடை. பசி 3 என்பதால் அவற்றில் மூன்று சிவப்பு, அதாவது பசிப் பகடை. மரநாய் மிரண்டிருப்பதால் மூன்று வெற்றி வேண்டும் என்று சொன்னேன். சாதாரணப் பகடை இரண்டிலும் 7, 3. சிவப்பு மூன்றிலும் 10, 6, 1. ஆறும் அதற்கு மேலும் வெற்றி. ஆகவே 7, 10, 6 என்று மூன்று வெற்றி, சரியாக எட்டிவிட்டது. சிவப்பில் 1 விழுந்தது, ஆனால் தோற்றிருந்தால்தான் அது அவருக்குள் இருக்கும் மிருகத்தை வெளியே கொண்டுவரும். வென்றதால் தப்பினார். இரண்டு 10 விழுந்தால் அவை சேர்ந்து நாலு வெற்றியாகும். அதில் ஒன்று சிவப்பு என்றால் காரியம் நடக்கும், ஆனால் அசிங்கமாக நடக்கும்.

தம்பி கேட்டார்: "பெட்டி கொண்டு வந்தவனில என்ன மணம்?"

மரநாய் சொன்னது: "கள். மரம் ஏறுறவன் இல்லை, அவன்ர மணம் எனக்குத் தெரியும்." கொஞ்சம் பொறுத்து, "பெட்டிக்குள்ளே செத்த மணம் இல்லை. உயிர் மணமும் இல்லை. உன்ர மணம்."

தம்பி கையில் இருந்த தேத்தண்ணியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். பெட்டிக்குள் இன்னொரு காட்டேரி. நான் அதைச் சொல்லவில்லை, மரநாயும் 'காட்டேரி' என்ற சொல்லைச் சொல்லவில்லை.

கதைசொல்லிக்கு

விலங்கு பொய் சொல்லாது, ஆனால் பிழையாக விளங்கிக்கொள்ளும். இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மிச்சம் வரும். பதிலை மூன்று துண்டுக்குமேல் நீட்டாதீர்கள். ஒரு மணம், ஒரு சத்தம், ஒரு பயம், போதும். நீண்ட வசனம் வந்தால் அது நீங்கள் கதைக்கிறீர்கள், விலங்கு கதைக்கவில்லை.

கட்டளையும் அப்படியே. முயலை மல்லுக்கட்ட வைக்கமுடியாது. ஆந்தையிடம் கடிதத்தைப் படித்துவரச் சொல்லமுடியாது. அதன் இயல்புக்குள் உள்ளதைத்தான் அது செய்யும். ஆடுபவர் இயல்பை மீறிக் கேட்டால் வெறுமனே 'முடியாது' என்று சொல்வதைவிட, விலங்கு அதை எப்படித் தன் வழியில் விளங்கிக்கொள்கிறது என்று காட்டுங்கள். "அந்த வீட்டைக் காவல் பார்" என்று நாயிடம் சொன்னால் அது அந்த வீட்டுக்கு வருகிற போஸ்ட்மனையும் சேர்த்துத்தான் கடிக்கும்.

இரண்டாவது, ஊரார் கண். இந்த ஆட்டத்தில் காட்டேரிகள் தாம் இருப்பதை மனிதர் அறியாமல் மறைத்து வாழ்பவர்கள், ஆட்டத்தின் பெயரே அந்த முகமூடிதான். பத்துப் பதினைந்து நாய்கள் நல்லூர்ப் பக்கம் ஒரு சந்தியில் ஒருவரைச் சுற்றிச் சத்தமில்லாமல் குந்தியிருந்தால் அடுத்த நாள் அந்தக் கதை சந்தைவரை போய்விடும். ஆற்றலுக்கு விலை வைக்க இது நல்ல வழி.

கூப்பிடுவதற்கும் இதே கவனம்தான். பழைய பதிப்பில் வெற்றிகளின் எண்ணிக்கைப்படி, கேட்கும் தூரத்தில் இருக்கும் அந்த வகை விலங்குகளில் ஒன்றே ஒன்றோ, காற்பங்கோ, பாதியோ, எல்லாமுமோ வரும். கூப்பிடுவது எளிது. வந்தவற்றை என்ன செய்வது என்று முன்பே யோசித்துவையுங்கள்.

மேல்படிகளைப் பற்றி இப்போதைக்கு அதிகம் தேவையில்லை. விலங்கின் உடலுக்குள் புகுந்து நடமாடுவதும், வெறியை வேறொருவர்மேல் ஏற்றுவதும் பெரிய காட்சிகள்; முதல் ஐந்தாறு ஆட்டங்களில் அவற்றைத் தொடாமல் விடுவது நல்லது என்பது என் எண்ணம். கதைப்பதிலேயே அவ்வளவு இருக்கிறது.

தொடங்குமுன் கேட்கவேண்டியது

எங்கள் ஊரில் இதை ஆடும்போது இன்னொன்றும் இருக்கிறது, இதை நான் எந்தப் புதியவருக்கும் சொல்லாமல் விடுவதில்லை. போர்க்காலத்தில் விளக்கை அணைத்துவிட்டு, நாய் எந்தப் பக்கம் குலைக்கிறது என்று காதைக் கொடுத்து, ஒழுங்கையால் யாரோ வருகிறார்கள் என்று அறிந்த வீடுகள் இங்கே நிறைய. ஒரு ஒழுங்கையில் ஆரம்பித்து அடுத்த ஒழுங்கைக்கு அந்தக் குலைப்பு நகர்ந்து வருவதைக் கேட்டவர்கள் உங்கள் மேசையிலும் இருக்கக்கூடும். அவர்களுடைய வீட்டில் யாராவது திரும்பி வராமலும் இருக்கலாம். ஒரு பயங்கரக் காட்சிக்காக நீங்கள் "நாய்கள் ஒன்றாகக் குலைக்கத் தொடங்குகின்றன" என்று சொல்லும்போது, அவர் கேட்பது உங்கள் கதையை அல்ல.

ஆகவே முதல் நாள் பகடையை எடுக்குமுன் எல்லாரிடமும் கேளுங்கள், எது வேண்டாம் என்று. காரணம் கேட்கவேண்டாம். எங்கள் மேசையில் ஒரு அக்கா முதல் நாளே சொன்னார், ஆட்கள் காணாமற்போகும் கதை நான் இருக்கும்போது வேண்டாம் என்று. சரி என்று விட்டோம். முன்பு சொன்ன கிழவியின் கதைகூட அவர் இல்லாத ஒரு மாதத்தில் ஆடியதுதான். ஆட்டம் நடுவிலும் யாராவது கையை மேசையில் விரித்து வைத்தால் அந்தக் காட்சியை அங்கேயே விட்டுவிட்டு வேறு இடத்துக்குப் போவோம். விலங்குக்கு நேரும் கொடுமையும் சிலருக்குத் தாங்காது. அதையும் கேளுங்கள்.

துணை விலங்கு

ஐந்தாம் பதிப்பில் ஆடுகிறீர்கள் என்றால் முதற்படியில் துணை விலங்கை எடுங்கள் என்பேன். மூன்று வேறு இரவுகளில் உங்கள் இரத்தத்தை ஊட்டி ஒரு விலங்கைப் பிணைப்பீர்கள். ஒன்றுதான் வைத்திருக்கலாம். 'வா', 'நில்' போன்ற எளிய சொல்லை அது கேட்கும். இரண்டாம் படி வந்தபிறகு அதனோடு கதைக்க இரத்தச் செலவே இல்லை.

மூன்று இரவையும் தனித்தனியாக ஆடுங்கள், ஒரு வசனத்தில் கடந்துவிடாதீர்கள். முதல் இரவு அது கிட்ட வராது, ஏனென்றால் நீங்கள் வேட்டைக்காரர் என்று அதற்குத் தெரியும். இரண்டாம் இரவு மணந்துவிட்டுப் போகும். மூன்றாம் இரவு படலைக்கு வெளியே முன்னமே வந்து நிற்கும். அதற்குப் பெயர் வையுங்கள். எங்கே படுக்கும், பகலில் நீங்கள் செத்ததுபோலக் கிடக்கும்போது யார் அதற்குச் சோறு போடுவார்கள் என்று கொப்பியில் எழுதுங்கள். எங்களிடம் ஒரு பாத்திரத்தின் நாய்க்குப் பக்கத்து வீட்டு ஆச்சி ஒருவர் பாணும் மிஞ்சிய குழம்பும் வைப்பதாக எழுதினோம். பிறகு அந்த ஆச்சியைக் காப்பாற்றுவதற்காகவே மூன்று ஆட்டம் ஓடியது.

அப்புறம், எங்கள் மேசையில் முதல் வருடத்திலேயே எழுதிவைத்த ஒரு விதி. ஆடுபவர் வராத நாளில் அவருடைய நாயைக் கதைக்குள் கொண்டுவரலாம், காயப்படுத்தலாம், தொலையவும் விடலாம். சாகடிக்கக்கூடாது. அவர் வந்து, தன் கதிரையில் இருந்து, தானே பகடை உருட்டவேண்டும்.